எங்கள் தெருவுக்கு எங்கள் பெண்ணே அதிகாரி

1

போன வாரம் ஒரு தமிழ்ப் பிள்ளை என் தலை கோணலாக இருக்கிறது என்று சொன்னான். ஜெர்மன் மொழியில் சொன்னான். அரசாங்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

நான் வசிக்கும் ஜெர்மன் நகரத்தில் வெளிநாட்டவர் அலுவலகம் என்று ஒன்று உண்டு. இத்தனை வருடம் இந்த நாட்டில் வரி கட்டி, இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, குப்பையை நிறம் நிறமான தொட்டிகளில் பிரித்துப் போடவும் கற்றுக்கொண்டாயிற்று. இருந்தாலும் பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம், நான் இன்னும் வெளிநாட்டவள்தான் என்று அங்கே போய் உறுதிப்படுத்திவிட்டு வர வேண்டும். துணைக்கு என் மகள் நிலா வந்திருந்தாள். அவள் இங்கேயே பிறந்தவள். அந்தக் கட்டடத்துக்குள் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தவள் போல நடந்துகொள்வாள்.

மேசையில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்கு மனது குளிர்ந்துவிட்டது. ஜெர்மானியர் ஒரே மூச்சில் படிக்க முடியாத, 'நாதன்' என்று முடிகிற பெயர். பின்னால் கறுத்த முடியும் களையான முகமுமாக ஓர் இளைஞன்.

"தம்பி தமிழா? அப்பா அம்மா எந்த ஊரு?" என்றேன்.

"பிட்டே?" என்றான்.

'என்ன சொன்னீர்கள்' என்பதற்கு இங்கே அதுதான் சொல். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைக் கேட்டால் எனக்குப் புட்டுதான் நினைவுக்கு வருகிறது. நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. என் புகைப்படத்தின் மேல் கண்ணாடி போன்ற ஓர் அட்டையை வைத்துப் பார்த்தான். தலை விதிக்குள் அடங்கவில்லை, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வேறு படம் எடுத்து வர வேண்டும் என்றான். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்ததும் நிலாவிடம் பொருமினேன்.

"நம்ம பையன்டி. ஒரு படத்துக்கு என்ன பெரிய சட்டம்?"

"அவர் தமிழர்னா உன் தல நேரா ஆயிடுமாம்மா?" என்றாள் அவள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் தொழிலே இதுதான். அரசாங்க மேசைக்கு அந்தப் பக்கம் நம்மைப் போன்ற ஒருவர் உட்கார்ந்திருந்தால், இந்தப் பக்கம் நிற்பவருக்கு அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை கூடுமா? இந்த ஒரு கேள்விதான் எனக்கு இத்தனை வருடமாகச் சோறு போடுகிறது. கூடும் என்று கட்டுரை எழுதியிருக்கிறேன். சில இடங்களில் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பிரசுரித்தார்கள்.

ஆனால் போன வருடம் காஞ்சிபுரத்தில் என் கண்ணெதிரே நடந்ததை நான் எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

பல்கலைக்கழகத்தில் எனக்கு ஆய்வு விடுப்பு கிடைத்தது. நிலா பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பதற்காக ஒரு வருடம் எடுத்துக்கொண்டிருந்தாள். இங்கே அதற்கு மரியாதையான பெயர் இருக்கிறது. எங்கள் தெருவில் அதற்கு 'வீட்ல சும்மாத்தான் கீறா' என்று பெயர். இரண்டு பேருமாகப் புறப்பட்டுப் பெரிய காஞ்சிபுரத்தில் என் அண்ணன் வீட்டில் போய் இறங்கினோம்.

அண்ணன் குமரேசனும் அண்ணி வசந்தாவும் பட்டு நெய்கிறவர்கள். தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்கிற தறி. அந்தக் குழிதான் தொழிலின் அஸ்திவாரம், அந்தக் குழிதான் தொல்லையும். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் சுவர் வழியாக ஊறி நேரே தறிக்குழிக்கு வந்துவிடும். எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன.

மனு கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவைப் போல் மனு கொடுத்த தெரு இருக்க முடியாது. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். சில வாரங்களில் கைபேசிக்குச் செய்தி வரும்: 'தங்கள் கோரிக்கைக்குத் தீர்வு காணப்பட்டது.' அண்ணி அந்தச் செய்தியை எனக்குக் காட்டினாள். அதைக் காட்டும்போது தண்ணீரில் காலை வைக்காமல் இருக்கச் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"தீர்வு கண்டுட்டாங்களாம். கண்டவங்கோ நமக்கும் கொஞ்சம் காட்டக் கூடாதா?" என்றாள்.

நாங்கள் போன சமயத்தில் தெரு ஒரே கொண்டாட்டமாக இருந்தது. எதிர்வீட்டுக் கோமதி அக்காவின் மகள் சுகந்தி, சாக்கடைக்குப் பொறுப்பான அலுவலகத்திலேயே உதவிப் பொறியாளராகி, எங்கள் பகுதிக்கே வந்து சேர்ந்திருந்தாள். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் ஊரில் ஒரு சாக்கடைக்குப் பல அலுவலகங்கள் உண்டு, அடைப்பு என்று வந்தால் ஒன்றுகூடக் கிடையாது.

தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். 'எங்கள் தெருவின் பெருமையே' என்று சுகந்தியின் படம், அதைவிடப் பெரிதாக, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத வார்டுப் பெரியவர் ஒருவரின் படம். கோமதி அக்கா புருஷனை இழந்து, தறிக்குப் பாவு நூல் சுற்றும் கூலி வேலை பார்த்து மகளைப் படிக்க வைத்தவர். வாசற்படியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் சொல்லும் பாராட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார்.

"நம்ம பொண்ணு ஆபீசரு. இனிமே இன்னா கவலை?" என்றார் அண்ணன்.

எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஊர் ஊராகப் போய்த் தேடுகிற ஆய்வுப் பொருள், எதிர்வீட்டிலேயே குடியிருந்தால் வேறென்ன வேண்டும்?

3

மறுநாளே கேள்வித்தாளோடு கிளம்பினேன். 'அரசாங்கத்தை நீங்கள் எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்?' முற்றிலும் நம்புகிறேன் என்பதில் தொடங்கி, சிறிதும் நம்பவில்லை என்பது வரை பதில்கள். ஜெர்மனியில் இதைக் கேட்டால் மக்கள் நெற்றியைச் சுருக்கி யோசிப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லோரும் முற்றிலும் நம்பினார்கள். அடைத்த சாக்கடையைத் தாண்டி உள்ளே போனால், முற்றிலும் நம்புகிறேன். ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போன வீட்டிலும் முற்றிலும் நம்புகிறேன்.

அண்ணிதான் விளக்கினாள். "கையில பேப்பர வெச்சிக்கினு, கழுத்துல அட்டைய மாட்டிக்கினு போயி அரசாங்கத்த நம்புறியான்னு கேட்டா, இல்லன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு இன்னா பைத்தியமா? வர்ற உதவித்தொகையும் நின்னுபூடும்."

கழுத்து அட்டையைக் கழற்றினேன். பலன் இல்லை. அப்புறம் ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் நிலா கேட்டாள். அவளுடைய தமிழ் வீட்டுக்குள் வளர்ந்த தமிழ், வெயில் படாதது. வேற்றுமை உருபெல்லாம் அவளுக்கு உப்பு மாதிரி, கைக்கு வந்த இடத்தில் போடுவாள்.

"அரசாங்கம் உங்கள எவ்ளோ நம்புது?" என்று கேட்டாள் மாமாவைப் பார்த்து.

நான் திருத்த வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் தறியை நிறுத்திவிட்டார்.

"என்னயா? என்னய எங்கேம்மா நம்புது?" என்று வலக்கையை நீட்டினார். "ரேஷன் கடையில விரல வெய்யின்னு சொல்றான். வெச்சா மெஷினு தெரியலன்னு சொல்லுது. வயசு பூரா ஜரிகையும் பட்டும் இழுத்த விரலு, ரேகை தேஞ்சி பூட்ச்சி. நான்தான் குமரேசன்னு நானே சொல்றேன். கடைக்காரனுக்கும் என்ன சின்ன வயசுலேர்ந்து தெரியும். மெஷினு ஒத்துக்கல. அரிசி இல்லன்னு அனுப்பிட்டான்."

அன்றைக்குத்தான் தெருவில் எனக்கு உண்மையான பதில்கள் கிடைத்தன. பிழையான கேள்வியை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். வாழ்கிறவன் வாழ்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும், புருஷன் செத்தான் என்பதற்குச் சான்று வாங்கிய பிறகும் மறுமணம் செய்யவில்லை என்று தனிச்சான்று வேண்டும் என்று பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள். நான் பல்கலைக்கழகக் குழுவை வைத்து மாதக்கணக்கில் செதுக்கிய கேள்வியை, தமிழ் சரியாக வராத என் பெண் ஒரு நொடியில் தலைகீழாக்கி உருப்படியாக்கிவிட்டாள். அதை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் வீட்டில் இருக்க முடியாது.

4

சுகந்தி வேலைக்கு வந்து சில வாரங்களுக்குள் கோமதி அக்காவின் வாசல் ஒரு கிளை அலுவலகமாகிவிட்டது. குழாய் இணைப்பு, தெருவிளக்கு, பக்கத்து வீட்டுக்காரன் சுவர் எடுத்தது என்று எல்லா வழக்கும் அங்கே வந்தது. வந்தவர்கள் சும்மா வரவில்லை. முறுக்கு கொண்டுவந்தார்கள், உறவுமுறை கொண்டுவந்தார்கள். சுகந்தி வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போதே, "ஆபீசுக்கு வாங்கண்ணா, ஆபீசுக்கு வாங்கத்தை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவாள். முறுக்கை மட்டும் அம்மா வாங்கிக்கொள்வார். அதை மகள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதும் தெருவுக்கு முதல் சந்தேகம் வந்தது.

இரண்டாவது, மழைக்கு முன் சாக்கடை தூர்வாரும் வேலை. எந்தத் தெருவுக்கு எப்போது ஆட்கள் போவார்கள் என்பதைச் சுகந்திதான் முடிவு செய்தாள். எங்கள் தெரு கடைசியில் இருந்தது.

அண்ணிக்கு ரத்தம் கொதித்தது. அவளுடைய தறியில் ஒரு கல்யாணப் புடவை ஏறியிருந்தது. சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாண வீடு ஒன்று, நிறத்தைச் சொல்லி, கரையைச் சொல்லி, நேரே வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போன புடவை. மழைக்கு முன்னால் முடித்து, தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று இருவரும் மாறி மாறி நெய்துகொண்டிருந்தார்கள்.

"இதுக்குமுன்ன இருந்தவன் வெளியூர்க்காரன். செய்யலன்னா, அவனுக்கு நம்ம மேல இன்னா அக்கறன்னு உட்டுட்டோம். இவ நம்ம கண்ணு முன்ன வளந்தவ. இவளுக்கே நம்ம தெரு கடைசின்னா?" என்றாள். அன்றோடு கோமதி அக்காவுடன் பேச்சை நிறுத்தினாள். எதிரெதிர் வாசல்கள் ஆனதால், பேசாமல் இருப்பதற்கு இரண்டு பேரும் நிறைய உழைக்க வேண்டியிருந்தது.

நான் சுகந்தியை அவள் அலுவலகத்தில் போய்ப் பார்த்தேன். ஆய்வுக்காக என்றுதான் நேரம் கேட்டிருந்தேன். கதவோரமாக ஒரு மேசை. அவளுக்குப் பின்னால் பழைய குழாய்த் துண்டுகள் சாத்தியிருந்தன.

"ஏம்மா சுகந்தி, நம்ம தெரு கடைசியா?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அக்கா, மொதல்ல எடுத்தா, 'அவங்க தெருன்னு எடுத்துக்கிச்சு பாரு'ன்னு இங்க பேசுவாங்க. நான் உள்ள வர்றப்ப பேச்ச நிறுத்துவாங்க. கடைசில எடுத்தா அங்க எல்லாரும் திட்டுவீங்க. தெருவுல வாங்கற திட்டு என் வேலைய ஒண்ணும் பண்ணாது. இங்க வாங்கற பேரு பண்ணும்."

"நடுவுல எடுக்கலாமே?"

"நடுவுல எடுத்தா ரெண்டு பேரும் திட்டுவாங்க."

வேறொரு நாட்டில், வேறொரு நிறத்துக்காரர்களைப் பற்றி, இதே விஷயத்தை நான் வாயில் நுழையாத ஒரு சொல்லால் எழுதியிருக்கிறேன். தன்னைச் சேர்ந்தவர்களிடம் அதிகாரி கூடுதலாகக் கறாராக இருப்பது. எழுதும்போது அது சுவாரசியமாக இருந்தது. என் அண்ணியின் தறிக்குழி அதன் கீழே இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

5

ஆட்கள் எங்கள் தெருவுக்கு வரும் முன்னால் மழை வந்துவிட்டது.

மத்தியானம் தொடங்கி விடாமல் பெய்தது. சாயங்காலத்துக்குள் தறிக்குழியின் அடியில் மண் கறுத்தது. பிறகு ஈரம் மினுங்கியது. பிறகு அதில் கூரை ஓடு தெரிந்தது. ஈரக்காற்று பட்டால் பாவு இழைகள் தொய்ந்துவிடும், ஜரிகை கறுத்துவிடும். அண்ணனும் அண்ணியும் நெய்த பாகத்தைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டினார்கள். நிலா குழிக்குள் இறங்கி, ஒரு குவளையால் மொண்டு மொண்டு என் கையில் இருந்த வாளியில் ஊற்றினாள். நான் கொண்டுபோய்த் தெருவில் கொட்டினேன். தெரு அதைத் திருப்பிக் கொடுத்தது.

காலையில் மழைக்கோட்டுடன் சுகந்தி நாலைந்து ஆட்களோடு தெருவுக்குள் வந்தாள். முழங்காலளவு தண்ணீரில் நடந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தாள். எங்கும் கம்பி இறங்கவில்லை. சாக்கடைக்கு மேல் எல்லா வீடுகளும் சிமெண்டில் படி கட்டியிருந்தன. ஸ்கூட்டர் ஏற்றச் சரிவு போட்டிருந்தன. எங்கள் வீடும் சேர்த்துத்தான். கீழே சாக்கடை இருக்கிறது என்பதையே அந்தப் படிகள் எல்லோரையும் மறக்கடித்துவிட்டிருந்தன. மேலே இத்தனை சிமெண்டை வைத்துக்கொண்டு தூர்வார யாராலும் முடியாது. பல வருடங்களாகத் 'தீர்வு காணப்பட்ட' பிரச்சினை எங்கள் கால்களுக்குக் கீழேதான் இருந்தது.

"படிய இடிச்சாத்தான் தண்ணி போகும்," என்றாள் சுகந்தி.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "மத்த தெருவுல படியே இல்லியா?" "நோட்டீஸ் குடுத்தியா?" "ஆபீசராயிட்டா அளந்துதான் பேசுவியா?" "எங்க வூட்டு மேல கைய வெச்சிப் பாரு!" முந்தின நாள் வரை சாக்கடைக்காக அழுத தெரு, இப்போது சாக்கடையை விட்டுவிட்டுப் படிக்காக அழுதது.

"மொதல்ல யாரு வூடு?" என்று ஒருவர் நக்கலாகக் கேட்டார்.

சுகந்தி ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு எதிர்வரிசைக்குத் தண்ணீரில் நடந்து போனாள். கோமதி அக்கா தன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஆட்கள் கடப்பாரையை இறக்கியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. படியை விட்டு நகரவில்லை.

"நம்ம வூடாடி?" என்றார்.

"ஆமாம்மா."

"எனக்கு முட்டி வலி. உனக்குத் தெரியாதா? படி இல்லன்னா நான் எப்டி எறங்குவேன்? எப்டி ஏறுவேன்?"

"தெரியும்மா. எறங்கு."

"மாட்டேன். ஊரே பாத்துக்கினு இருக்குது. பெத்தவ வூட்ட இடிச்சான்னு பேரு வாங்கப் போறியா நீ?"

மழை பெய்துகொண்டே இருந்தது. சுகந்தி படியில் ஏறினாள். குனிந்து, அம்மாவை இடுப்போடு சேர்த்து இரண்டு கையாலும் தூக்கினாள். கோமதி அக்கா மகளின் முதுகில் பளீரென்று ஓர் அடி கொடுத்தார். அவள் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டு ஓரத்தில் இறக்கிவிட்டாள். பிறகு ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

முதல் அடியில் படி உடையவில்லை. கோமதி அக்கா கூலிப் பணத்தில் கட்டிய படி. கலவையில் அவர் ஏமாற்றவில்லை போலிருக்கிறது.

அந்தப் படி விழுந்ததும் அண்ணி உள்ளே போனாள். பழைய கடப்பாரை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் படியை அவளே இடிக்கத் தொடங்கினாள். அண்ணன், "ஏய் வசந்தா!" என்று கத்தினார். "உம் தறிதான மூழ்குது? புடி இத," என்று கடப்பாரையை அவர் கையில் கொடுத்தாள். நிலா ஏற்கெனவே கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. தறிக்குழியில் வெறும் சேறு. புடவை தப்பியது. சொன்ன நாளில் அண்ணி அதை அறுத்துக் கொடுத்தாள். கல்யாண வீட்டார், வாசலில் படியைக் காணோமே என்று கேட்டுவிட்டுத்தான் புடவையை வாங்கிப் போனார்கள்.

6

நன்றி சொன்னார்களா என்று கேட்காதீர்கள். நானும் ஆராய்ச்சிக்காரியாக அதை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

தண்ணீர் போன பிறகு வாசல் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. திறந்த சாக்கடை, உடைந்த சிமெண்டு, தாண்டிக் குதிக்க வேண்டிய வாசல்கள். மூடி போடுவதற்கு அனுமதி கேட்டிருக்கிறேன், வந்துவிடும் என்று சுகந்தி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். முன்பு 'நம்ம பொண்ணு' என்றவர்கள் இப்போது 'அந்தப் பொண்ணு' என்றார்கள். பேனரை இறக்கினார்கள். அதில் ஒருவர் கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டார்.

பிறகு எங்கள் தெரு தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது. மனு எழுதியது. முன்னறிவிப்பின்றி வீடுகளைச் சேதப்படுத்திய பெண் அதிகாரியின் மேல் நடவடிக்கை வேண்டும். பேனரில் பெரிதாக இருந்த அந்த வார்டுப் பெரியவரே முன்னால் நின்று கொண்டுபோய்க் கொடுத்தார். எத்தனையோ வருடம் எத்தனையோ மனுக்களைத் தூங்க வைத்த அரசாங்கம், இந்த ஒன்றுக்கு விழித்துக்கொண்டது. நாங்கள் ஊர் திரும்ப மூட்டை கட்டுவதற்குள் சுகந்திக்குத் தெற்கே தொலைவில் ஒரு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

அந்த மனுவில் அண்ணனின் கையெழுத்தும் இருந்தது. அது தெரிந்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நிலாதான் அவரிடம் நேராகக் கேட்டாள். அவளுக்கு வளைத்துப் பேசும் அளவுக்குத் தமிழ் தெரியாது. "மாமா, அவங்க இடிச்சதாலதான உங்க தறி காப்பாத்திச்சு?"

"தப்பிச்சிச்சு," என்று திருத்தினார் அண்ணன்.

"தப்பிச்சிச்சு. அப்றம் ஏன் சைன் போட்டீங்க?"

"எல்லாரும் போட்டாங்கம்மா."

"அத்தை போடலியே?"

அண்ணன் தறியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் நெய்தது ஒரு விரல் அகலம்கூட இருக்காது.

நான் அண்ணியிடம் கடைசியாக ஒருமுறை கேள்வித்தாளை நீட்டினேன். பேட்டி முடியாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். அரசாங்கத்தை எவ்வளவு நம்புகிறாய் என்றேன். அண்ணி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அரசாங்கம் நல்லாத்தான் இருக்குது செல்வி. ஒரு நல்லவள அனுப்பிச்சி. இந்தத் தெருவ நம்பிக்கினு அவ வந்தா பாரு, அங்கதான் தப்பு. தெருவ எவ்ளோ நம்பறேன்னு கேளு, சொல்றேன்."

என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. தெருவின் பெயரை எழுதிக்கொண்டு, பதில் இல்லை என்று குறித்தேன்.

7

இப்போது இங்கே என் வாழ்க்கை வழக்கம்போல் போகிறது. கோணாத தலையோடு புதுப் படம் எடுத்துக்கொண்டு போனேன். 'நாதன்' தம்பி அட்டையை வைத்துப் பார்த்தான், ஒப்புக்கொண்டான். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர் ஒருவரின் மனைவிக்கும் அதே அட்டைதான், தலை சாய்ந்திருக்கிறது என்ற அதே பதில்தான். அதைப் பார்த்துவிட்டு நான் அவன் அப்பா அம்மாவின் ஊரைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. நிலா ஒரு வழியாக யோசித்து முடித்துவிட்டாள். நகர நீர் வடிகால் படிக்கப் போகிறாளாம். ஜெர்மனியில் பிறந்து, பியானோ கற்று, கடைசியில் சாக்கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது பிள்ளை. சுகந்தியோடு தினமும் கைபேசியில் பேசுகிறாள். இருவரும் குழாய் விட்டம் பற்றித் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டால், அது எந்தத் தமிழ் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணி வாரம் ஒருமுறை பேசுவாள். எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு பொறியாளர் வந்திருக்கிறாராம். வெளியூர்க்காரர், சிரித்த முகம். எல்லோரையும் 'ஐயா', 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாராம். தெருவில் மறுபடி படி கட்டிக்கொள்கிறார்கள், பார்த்தும் பார்க்காதவர்போல் வண்டியில் போய்விடுவாராம். தங்கமான மனுஷர் என்கிறார்கள். ஆய்வாளர் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் தெருவில் அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை நன்றாக உயர்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்குப் படி இல்லை. அண்ணன் கொத்தனாரைக் கூட்டி வந்தாராம். அண்ணி வாசலில் நின்றுகொண்டு, "மூடி போட்டா போடட்டும், சிமெண்ட் போட வுட மாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். சாக்கடைக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டிருக்கிறார்கள், வேண்டும்போது எடுத்துவிடலாம். எதிர்வீட்டுக் கோமதி அக்காவுக்குப் பலகையில் நடக்கக் கால் வராது. உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேர் இலவசமாகவே படி கட்டித் தருகிறோம் என்று மணலோடு வந்தார்களாம். அவர்களும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

கோமதி அக்கா உள்ளிருந்தபடியே கேட்டாராம்: "எம் பொண்ணு இடிச்சத நீங்க யாருடா கட்டறதுக்கு?"

மணல் திரும்பிப் போய்விட்டது. இப்போது தினமும் காலையில் அண்ணி பலகையைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போகிறாள். கோமதி அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வலியில் முனகி, மகளை நாலு வசவு வைது, தெருவில் இறங்குகிறார். பிறகு இரண்டு பேருமாகக் கடைக்குப் போகிறார்கள்.